மதுரைச் சுங்குடியின் பெயர்

மதுரைச் சுங்குடிப் புடவைக்குப் புவிசார் குறியீடு என்னும் சட்டப் பாதுகாப்பு 2005ஆம் ஆண்டில் கிடைத்தது. அப்பெயர் மதுரைக்கே உரியது என்று அன்று முதல் சென்னைப் பதிவகத்தின் ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது. அதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் இத்தனை ஆண்டுகள் சென்ற பின்பு, விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடைகளில் சுங்குடி என்று கேட்பவருக்கு எடுத்துப் போடப்படும் புடவைகளில் பெரும்பாலானவை கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்தவை அல்ல, அச்சடித்தவை. பெயர் ஏட்டில் பத்திரமாக இருக்கிறது. அப்பெயரைச் சம்பாதித்துக் கொடுத்த கைவேலையோ நாளுக்கு நாள் அருகி வருகிறது. இந்த நிலைமையில் சட்டத்திற்கு எவ்வளவு பங்கு உண்டு, செய்யத்தக்கது யாது என்பவற்றைச் சிறிது விரிவாகவே ஆராய வேண்டியிருக்கிறது.

சுங்குடி இன்னதென்று நமது வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் பின்னால் வரும் வாதத்திற்கு அவசியமாகையால் சொல்லுகிறோம். நாயக்க மன்னர் காலத்தில் மதுரையில் குடியேறிய சௌராஷ்டிர மக்கள் வளர்த்த தொழில் இது. பருத்தித் துணியை விரல் நுனியால் சிட்டிகை அளவு கிள்ளியெடுத்து, அடியில் நூலைச் சுற்றி இறுக்கி முடிச்சிட வேண்டும். இப்படியே கோலம் போட்டாற்போல் வரிசை பிசகாமல் பல்லாயிரம் முடிச்சுகள் விழ வேண்டும். பிறகு துணியைச் சாயத்தில் தோய்ப்பார்கள். நூல் இறுக்கிய இடத்தில் சாயம் ஏறாது. உலர்ந்த பின் துணியை இழுத்து முடிச்சுகளை அவிழ்த்தால், நிறத்தின் நடுவே வெள்ளைப் புள்ளிகள் பூத்து நிற்கும். ஒரு புள்ளியைப்போல் மற்றொரு புள்ளி இராது. கிள்ளிய இடத்தில் துணி சற்றே சுருங்கி மேலெழுந்திருப்பதைக் கையால் தடவிப் பார்த்தே அறியலாம். ஒரு புடவைக்கு வேண்டிய முடிச்சுகளைப் போட்டு முடிக்கப் பல நாட்கள் பிடிக்கும். முடிச்சு போடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அடுப்படி வேலை ஓய்ந்த நேரத்தில் திண்ணையிலும் தாழ்வாரத்திலும் உட்கார்ந்து செய்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கிற கூலி எவ்வளவு அற்பமானது என்பது மதுரையில் அனைவரும் அறிந்த சங்கதி. மகள் தாயிடம் கற்றுவந்த வித்தையைக் கற்றுக்கொள்ள அடுத்த மகள் மறுப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இயந்திரம் ஒரே நாளில் வந்து புகுந்துவிடவில்லை. முதலில் வேரும் பட்டையும் போய் ரசாயனச் சாயம் வந்தது. கைத்தறித் துணி இருந்த இடத்தில் ஆலைத் துணியும் விசைத்தறித் துணியும் வந்தன. பின்னர் மெழுகை அச்சில் தோய்த்துத் துணியில் ஒற்றி, முடிச்சில்லாமலே புள்ளி எழுப்பும் முறை வந்தது. அதற்குப் பின் திரை அச்சு. இப்போது கம்ப்யூட்டரில் வரைந்த புள்ளிகளைத் துணியின் மேல் நேராகவே அச்சிடும் இயந்திரமும் வந்துவிட்டது. துணியின் சுருக்கத்தைக்கூட நிழல்போல் வரைந்து காட்ட அதனால் முடியும். காலையில் ஒரு கடையில் தொங்கும் புடவையைக் கைப்பேசியில் படம் பிடித்தால், எங்கோ ஓர் ஆலையில் சில நாட்களுக்குள் அதே கோலம் ஆயிரக்கணக்கான கஜம் வந்து விழும். படம் பிடிக்கவும் வேண்டாம், வாயால் சொன்னாலே போதும், கம்ப்யூட்டர் தானே புதுக்கோலம் போட்டுத் தரும் என்கிற காலமும் இப்போது வந்திருக்கிறது.

புதிய இயந்திரம் தோன்றும்போதெல்லாம் சட்டம் யார் பக்கம் நின்றது என்பதைச் சரித்திரத்தில் பார்ப்பது நல்லது. 1856இல், கம்பெனி ஆட்சியின் கடைசி நாட்களில், நம் நாட்டில் முதல் காப்புரிமைச் சட்டம் பிறந்தது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவனுக்குப் பதினான்கு வருஷம் தனியுரிமை என்றது அச்சட்டம். அதற்குச் சரியாகப் பத்து வருஷம் கழித்து, 1866இல், லண்டன் இந்தியா ஆபீஸில் உத்தியோகம் பார்த்த ஃபோர்ப்ஸ் வாட்ஸன் என்பவர் இந்தியத் துணிகளின் மாதிரிகளை வெட்டி ஒட்டிப் பதினெட்டு தொகுதிகள் தயாரித்தார். மொத்தம் 700 மாதிரிகள். இருபது பிரதிகள் செய்ததில் 13 பிரிட்டனிலுள்ள தொழில் நகரங்களுக்கும் 7 இந்தியாவிற்கும் ஒதுக்கப்பட்டன. நம் நெசவாளர்களும் சாயக்காரர்களும் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்ததை, அங்குள்ள ஆலைக்காரர்கள் மேஜையில் வைத்துப் பார்த்து, இங்கேயே விற்பதற்கு ஏற்ற சரக்கைச் செய்யட்டும் என்பதே அதன் நோக்கம். அதை அவர் மறைக்கவும் இல்லை. இயந்திரத்தைக் கண்டுபிடித்தவனுக்குப் பதினான்கு வருஷத் தனியுரிமை. துணியைக் கண்டுபிடித்தவனுக்கோ மாதிரிப் புத்தகத்தில் ஓர் ஏடு! அக்காலத்துச் சட்டத்தில் இது திருட்டு ஆகாது. முடிச்சைக் கண்டுபிடித்தவன் பெயர் எந்த மனுவிலும் இல்லை. பெயரில்லாதவனுக்குச் சட்டத்தில் இடமும் இல்லை.

அந்தக் குறை இன்றைய சட்டங்களிலும் முழுதும் நீங்கிவிடவில்லை. வடிவமைப்புச் சட்டம், 2000, புதிய வடிவத்திற்கு மட்டுமே உரிமை தரும்; அதுவும் பத்து வருஷம், நீட்டித்தால் மேலும் ஐந்து. பாட்டி காலத்துக் கோலம் புதியதல்லவே. சரி, ஒரு பெண் தானாகவே யோசித்துப் புதிய கோலம் ஒன்று கட்டினாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் அதைப் பதிவு செய்யாமல் விட்டால், பதிப்புரிமைச் சட்டம், 1957, அவளுக்குத் துணை நிற்குமா? அச்சட்டத்தின் 15ஆம் பிரிவைப் பாருங்கள். பதிவு செய்யத்தக்க வடிவமொன்றை உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில் முறையில் ஐம்பது தடவைக்கு மேல் பிரதி செய்துவிட்டால் பதிப்புரிமை அற்றுப்போகும் என்கிறது அது. அவள் கோலம் நன்றாயிருந்து ஐம்பத்தோராவது புடவை வரையில் விலைபோயிற்று என்றால், அந்த வெற்றியே அவள் உரிமையைப் பறித்துவிடும். பதிவு செய்திருக்கலாமே என்று வக்கீல்கள் சொல்லுவார்கள். திண்ணையில் உட்கார்ந்து முடிச்சு போடுகிற பெண் எந்தக் காரியாலயத்தின் படியை எப்போது ஏறுவாள்?

எழுதி வைக்காத அறிவுக்கு நேரும் கதியை மஞ்சள் வழக்கில் தேசமே பார்த்தது. 1995இல் அமெரிக்காவில், புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. நம் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களையும் ஏடுகளையும் கொண்டுபோய்க் காட்டிய பிறகே, 1997இல் அது ரத்தாயிற்று. எல்லாப் பாட்டிமார்களும் அறிந்தது என்று சொல்லிப் பயனில்லை, காகிதம் வேண்டும். அதே 1997இல் ஓர் அமெரிக்கக் கம்பெனி பாஸ்மதி அரிசியின் மேல் காப்புரிமை பெற்றதால் எழுந்த கிளர்ச்சியும் சேர்ந்தே, நம் பார்லிமெண்டை 1999இல் புவிசார் குறியீடுகள் சட்டத்தை இயற்றச் செய்தது. 2003 செப்டம்பரில் அது அமலுக்கு வந்தது.

இந்தச் சட்டத்தில் நமக்குப் பிடித்த அம்சங்கள் பல உண்டு. உரிமை தனி மனிதனுக்கு அல்ல, ஊருக்கும் தொழிலுக்கும் என்கிறது. அதை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. பத்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். முடிவு தேதி என்பது இல்லை. கண்டுபிடித்தவன் பெயர் என்ன என்றும் கேட்பதில்லை. மதுரை மல்லிகை 2013இல் இதே நிழலில்தான் வந்து சேர்ந்தது. ஆனால் மல்லிகையைச் செடி பூக்கிறது. அதை இயந்திரம் அச்சடிக்க முடியாது. சுங்குடியை அச்சடிக்கலாம். இங்கேதான் சட்டத்தின் ஓட்டைகள் வெளியாகின்றன.

இரண்டு ஓட்டைகளைச் சொல்லுகிறோம். உற்பத்தியாளர் யார் என்று சட்டம் சொல்லும் வரையறையில், கைவினைப் பொருளைச் செய்கிறவர் மட்டுமன்றி, அதில் வியாபாரம் செய்கிறவரும் சேர்க்கப்பட்டிருக்கிறார். முடிச்சு போட்டவளும் உற்பத்தியாளர். அதை வாங்கி விற்கிற முதலாளியும் உற்பத்தியாளர். வியாபாரியை நாம் இகழவில்லை. சந்தை தேடிக் கொடுக்கிறவர் அவர்தான். ஆனால் மனு எழுதவும் கூட்டம் கூட்டவும் அவகாசமுள்ளவர் இருவரில் யார்? இரண்டாவது ஓட்டை இன்னும் பெரிது. செய்பொருள்களைப் பொறுத்தவரையில், உற்பத்தி, பதனம், தயாரிப்பு ஆகிய செயல்களில் ஏதேனும் ஒன்று அந்தப் பிரதேசத்தில் நடந்தால் போதும் என்று சட்டத்தின் வரையறை அமைந்திருக்கிறது. நூற்பது ஓரிடம், நெய்வது ஓரிடம் என்று தொழில் பிரிந்து கிடக்கும் காலத்தில் இந்த இளக்காரம் அவசியமே. ஆனால் எந்தச் செயல் ஊரில் நடக்க வேண்டும், எந்தச் செயல் கையால் நடக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு பொருளின் பதிவிலும் சந்தேகத்திற்கு இடமின்றி எழுதி, அதைக் கடைவீதியில் கண்காணிக்காவிட்டால், பெயருக்கு உயிர் எது என்பதே மறந்துபோகும்.

இதை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு, நம் துணிகளை வெட்டி ஒட்டிய அதே பிரிட்டனிலிருந்தே ஓர் உதாரணம் காட்டலாம். ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஹெப்ரிடீஸ் என்னும் தீவுகளில் ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணி நெய்கிறார்கள். அதைக் காக்க 1993இல் பார்லிமெண்டில் தனிச் சட்டமே செய்தார்கள். தீவு வாசிகள் தங்கள் வீடுகளில் கையால் நெய்ததாக இருக்க வேண்டும். கம்பளிக்குச் சாயமிட்டு நூற்பதும் அத்தீவுகளிலேயே நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதில் ஒரு நுட்பம் உண்டு. நூற்பு ஆலையில் நடக்கலாம். 1934இலேயே ஆலை நூலுக்கு அவர்கள் இடம் கொடுத்துவிட்டார்கள். நெசவை மட்டும் விடவில்லை. எந்த வேலையில் இயந்திரத்தை அனுமதித்தாலும் அத்துணி ஹாரிஸ் ட்வீட்டாகவே இருக்கும், எதில் அனுமதித்தால் அது வேறு துணியாகிவிடும் என்று அவர்கள் ஆற அமர யோசித்துக் கோடு கிழித்திருக்கிறார்கள்.

அதே 1934இல் நம் தேசத்திலும் அப்படி ஒரு கோடு கிழிக்கப்பட்டதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். 1921 செப்டம்பரில் இதே மதுரையில் மேலமாசி வீதி வீடொன்றில் காந்தியடிகள் தமது உடையைத் துறந்து நான்கு முழத் துண்டை அணிந்துகொண்டார். கதர் என்ற சொல்லுக்கு அந்த ஆண்டுகளில் உண்டான மதிப்பு இவ்வளவு அவ்வளவல்ல. மதிப்பு வந்தவுடன் போலியும் வந்தது. ஆலைகள் முரட்டுத் துணி நெய்து அதற்குக் கதர் என்று முத்திரை குத்தி விற்கத் தொடங்கின. அதைத் தடுக்கவே மத்திய சட்டசபையில் கதர் பெயர்ப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் கையால் நூற்ற பருத்தி நூலைக்கொண்டு இந்தியாவில் கையால் நெய்த துணிக்கே கதர், கத்தர் என்ற பெயர்கள் பொருந்தும் என்றது அச்சட்டம். அந்நிய ஆட்சி நடந்த காலம் அது. சட்டசபையில் நமக்கிருந்த அதிகாரம் எவ்வளவு என்பதையும் அறிவோம். அப்படியிருந்தும் நூற்பையும் நெசவையும் பெயருக்குள்ளேயே பூட்டி வைக்க முடிந்தது. 1950இல் குடியரசின் பார்லிமெண்டு அதைப் புதுப்பித்துப் பட்டும் கம்பளியும் அடங்குமாறு வேறொரு சட்டமும் செய்தது. கதருக்கு இராட்டை எப்படியோ, சுங்குடிக்கு முடிச்சு அப்படி.

ஆகவே நாம் சொல்வது இதுதான். துணி எங்கே நெய்யப்பட்டாலும் பாதகமில்லை. சாயம் செடியிலிருந்து வந்தாலும் சீசாவிலிருந்து வந்தாலும் அதைக் குறித்து நாம் சண்டையிட மாட்டோம். வைகையில் வருஷம் முழுதும் தண்ணீர் ஓடாத நிலையில் ஆற்று நீரில்தான் அலச வேண்டும் என்று விதிப்பதும் பரிகாசமாகவே முடியும். ஆனால் முடிச்சு கையால் போடப்பட வேண்டும். முடிச்சில்லாத துணி, எத்தனை புள்ளி இருந்தாலும், மதுரைச் சுங்குடி என்ற பெயருக்கு உரியதாகாது.

இதற்கு எழும் ஆட்சேபங்களை நாம் அறியாமலில்லை. சித்திரை வெயிலுக்கு இதமாக நானூறு ஐந்நூறு ரூபாயில் ஒரு நூல்புடவை வாங்கிக் கட்டுகிற ஏழைப் பெண்ணைப் பல நாள் வேலைப்பாடு கொண்ட புடவையை விலை கொடுத்து வாங்கச் சொல்வது நியாயமா என்று கேட்பார்கள். அச்சுத் தொழிலிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைக்கின்றனவே, மதுரையிலும் சின்னாளப்பட்டியிலும் அந்த அடுப்புகள் அணைய வேண்டுமா என்றும் கேட்பார்கள். இரண்டும் நியாயமான கேள்விகளே. அச்சுப் புடவை இருக்கட்டும், நன்றாகவே விற்கட்டும். அச்சடிக்கிறவரும் நம்மவரே, அவர் தொழிலிலும் வித்தை இருக்கிறது. நாம் கேட்பது, அது அச்சுப் புடவை என்றே சொல்லி விற்கப்பட வேண்டும் என்பது மாத்திரம். மலிவான புடவையை மலிவென்று அறிந்து வாங்குகிறவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அச்சுப் புடவையைக் கைமுடிச்சென்று நம்பிக் கூடுதல் விலை கொடுத்தவளுக்கும், தன் கைவேலைக்கு அச்சின் விலையே கிடைக்கிறது என்று கண்டு நூலைக் கீழே வைத்தவளுக்கும்தான் நஷ்டம்.

உள்ளூர் அச்சுக்காரருக்கும் வெளியூர் ஆலைக்கும் இடையே நாம் வித்தியாசம் காட்டவே செய்வோம். தலைமுறையாக மதுரை வட்டாரத்தில் மெழுகச்சும் திரையச்சும் செய்து வருகிறவர்கள் 'அச்சு' என்ற சொல்லைப் பெயருக்கு முன்னால், பெயர் எழுதிய அதே அளவு எழுத்தில், போட்டு விற்க இடம் தரலாம். மதுரையையே கண்ணால் பாராத ஆலை, செயற்கை நூல் துணியில் புள்ளி குத்தி அப்பெயரைச் சூட்டுவதற்கு எந்தச் சமாதானமும் செல்லாது.

உலக வர்த்தக உடன்படிக்கையிலும் ஒரு விசித்திரம் இருக்கிறது. 1995இல் நடைமுறைக்கு வந்த அறிவுசார் சொத்து ஒப்பந்தத்தின் 23ஆம் விதி திராட்சை மதுவுக்கும் சாராய வகைகளுக்கும் விசேஷப் பாதுகாப்பு அளிக்கிறது. ஓர் ஊரின் பெயரை வேறு ஊர் மதுவுக்கு வைக்கக் கூடாது. 'அந்த மாதிரி', 'அந்த வகை', 'போலி' என்று பக்கத்தில் எழுதினாலும் குற்றமே. துணிமணிகளுக்கோ வாங்குவோர் ஏமாந்தால்தான் குற்றம் என்ற சாதாரணப் பாதுகாப்பு மட்டுமே. குடிப்பதற்கு ஒரு நீதி, உடுப்பதற்கு ஒரு நீதி! எழுதியவர்கள் எந்தத் தேசத்தார் என்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஆனால் பழியை முழுவதும் அவர்கள் தலையில் போட்டுவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது. நமது 1999ஆம் வருஷத்துச் சட்டத்தின் 22ஆம் பிரிவிலேயே, எந்தச் சரக்கிற்கு வேண்டுமானாலும் அரசாங்க அறிவிப்பின் மூலம் அதே விசேஷப் பாதுகாப்பை அளிக்க மத்திய சர்க்காருக்கு அதிகாரம் இருக்கிறது. புதிய சட்டம் வேண்டாம். பார்லிமெண்டு கூட வேண்டாம். கெஜட்டில் ஒரு விளம்பரம் போதும். அதில் மதுரைப் பகுதியின் பழைய அச்சுக்காரர்களுக்கு மேலே சொன்ன ஒழுங்கின்படி விலக்கு அளிப்பதும் அசாத்தியமான காரியமல்ல.

இனி மதுரையில் செய்ய வேண்டியது. இந்தச் சட்டத்தின்படி பதிவு பெற்ற சங்கமும், அங்கீகரிக்கப்பட்ட உபயோகிப்பாளர் என்று தனியே பெயர் பதிந்தவர்களுமே பெயரைப் பயன்படுத்தவும் போலிகளின் மேல் வழக்குத் தொடரவும் உரிமை உடையவர்கள். அப்படிப் பதிவதற்கான கட்டணத்தை 2020இல் சர்க்கார் வெகுவாகக் குறைத்தது. அது நல்ல காரியம். ஆனால் படிவம் நிரப்பி, ஆதாரம் சேர்த்து அனுப்புவது கட்டணத்தைவிடப் பெரிய சுமை. அதைப் பெண்களின் வாசலுக்கே கொண்டுபோக வேண்டியது யார் பொறுப்பு? மாகாண சர்க்காரின் கைத்தறித் துறைக்கு மதுரையில் ஆட்களும் கட்டடமும் இல்லாமலில்லை. சௌராஷ்டிர சமூகத்தின் சங்கங்களும் கல்லூரிகளும் இருக்கின்றன. படித்த இளைஞர்களும் இருக்கிறார்கள். வீதி வீதியாகச் சென்று, முடிச்சு போடுகிற ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் எழுதி, மனுவைத் தாங்களே தயாரித்துச் சென்னைக்கு அனுப்புவது அவர்களால் ஆகாத வேலையல்ல. அச்சடிக்கும் இயந்திரத்துக்கு உதவுகிற அதே கம்ப்யூட்டரை இதற்கும் பயன்படுத்தலாம். ஒவ்வொரு கைமுடிச்சுப் புடவையிலும் ஓர் அடையாளச் சீட்டு தைத்து, கைப்பேசியைக் காட்டினால் எந்தத் தெருவில் யார் கையால் முடிச்சிட்டது, அந்த முடிச்சுக்குக் கொடுத்த கூலி எவ்வளவு என்பது தெரியும்படி செய்யலாம். கூலியை எழுதுவதா என்று கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

பதிவின் வாசகத்தைத் திருத்தவும் சட்டத்தில் வழி உண்டு. சாயத் தொழிற் சங்கங்கள் கூடி, முடிச்சு கையால் இடப்பட்டாலொழியப் பெயர் செல்லாது என்பதைப் பதிவிலும் கண்காணிப்பு விதிகளிலும் ஐயத்துக்கு இடமில்லாமல் நிலைநாட்ட முன்வர வேண்டும். அந்தக் கூட்டத்திற்கு வியாபாரிகள் வரட்டும், அச்சுக்காரர்களும் வரட்டும். முடிச்சு போடுகிற பெண்களை வாசலில் நிறுத்தாமல் முன் வரிசையில் உட்கார வைக்க வேண்டும். எந்தப் புள்ளி கையால் வந்தது, எது அச்சில் வந்தது என்பதை விரலால் தடவியே சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். கடைவீதிக்குச் சோதனைக்குப் போகிற அதிகாரி எவராயிருந்தாலும், அவர்களில் இருவரைச் சம்பளம் கொடுத்துக் கூட அழைத்துப் போகும்படி கலெக்டர் உத்தரவிட வேண்டும் என்பது நமது யோசனை.